லண்டன் எவ்வளவு தூரம்?

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். கணக்கில் புலி, ஆனால் பூகோள வகுப்பு என்றால் அவனுக்குத் தூக்கம் வந்துவிடும். டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், தூங்க வேண்டிய அந்த வேளையில் அவன் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டான்.

"ஸார், மும்பையிலிருந்து லண்டனுக்கு ஆகாய விமானத்தில் நாலரை மணி நேரம். லண்டனிலிருந்து மும்பைக்குப் பதினாலரை மணி நேரம். ஒரே தூரத்துக்கு ஏன் ஸார் இத்தனை வித்தியாசம்?"

"யார் சொன்னார்கள்?" என்றேன்.

"எங்கள் அத்தை போய் வந்தாள், ஸார். டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறது. மத்தியானம் ஒன்றரைக்கு மும்பையில் கிளம்பி, அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு லண்டன். வரும்போது காலை பத்துக்கு லண்டனில் கிளம்பி, நடு ராத்திரி பன்னிரண்டரைக்கு மும்பை."

வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் பையன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கடிகாரம் அப்படித்தான் காட்டும். குளிர்காலத்தில் நம் கடிகாரம் லண்டன் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. கோடையில் அந்த ஊரார் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்துக்கொள்வதால் வித்தியாசம் நாலரை மணியாகக் குறையும். ஆகவே மேற்கே போகிறவர் ஐந்தரை மணியைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு போகிறார். திரும்பி வரும்போது அதைக் கொடுத்துவிட வேண்டும். போகும்போது நாலரையுடன் ஐந்தரையைக் கூட்டினால் பத்து மணி. வரும்போது பதினாலரையிலிருந்து ஐந்தரையைக் கழித்தால் ஒன்பது மணி. போக வர இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: அத்தையின் கடிகாரப்படியும் பத்தொன்பது, உண்மையிலும் பத்தொன்பது!

பையனுக்குத் திருப்தி இல்லை. "அப்படியும் ஒரு மணி உதைக்கிறதே, ஸார்" என்றான்.

அவனுக்குப் பக்கத்திலிருந்தவன், "பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது. அதனாலே" என்று பதில் சொல்லிவிட்டான். படித்த பெரியவர்களே இப்படிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. பூமி சுற்றும்போது அதன் மேலிருக்கும் காற்று மண்டலத்தையும் கூடவே அழைத்துக்கொண்டுதான் சுற்றுகிறது. விமானம் அந்தக் காற்றிலேதான் மிதக்கிறது. ஓடுகிற ரயிலுக்குள் நாம் பந்து விளையாடினால் பந்து பின்னால் போய் விழுவதில்லை அல்லவா? உண்மையான காரணம் வேறு. பூமியின் நடுப்பகுதி சூடாகவும் துருவங்கள் குளிர்ந்தும் இருப்பதால், இரண்டுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு பெருங்காற்று ஆறு போல ஓடிக்கொண்டிருக்கிறது. பூமியின் சுழற்சி அந்த ஆற்றின் திசையை வளைத்துக் கொடுக்கிறது. அந்த அளவில் பையன் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. குளிர்காலத்தில் இந்தக் காற்று மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகத்தில்கூட வீசும். லண்டனுக்குப் போகும் விமானம் இதை எதிர்த்து நீந்துகிறது. திரும்பி வரும் விமானம் இதன் முதுகில் ஏறிக்கொண்டு வருகிறது.

இத்துடன் மணி அடித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். "தூரம் எவ்வளவு, ஸார்?" என்று அவன் விடாமல் கேட்டான். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பூகோள உருண்டையை மேஜை மேல் வைத்து, ஒரு நூலை எடுத்து, மும்பையில் ஒரு நுனியையும் லண்டனில் ஒரு நுனியையும் இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். நூல் எங்கே போயிற்று என்கிறீர்கள்? சுவரில் தொங்கும் படத்தில் அடிக்கோலை வைத்துக் கோடு போட்டால் அது பாரசீக வளைகுடாவின் ஓரமாக, இராக், துருக்கி வழியாகப் போகும். இழுத்துப் பிடித்த நூலோ வடக்கே வளைந்து ஏறுகிறது. கராச்சியின் அருகே கரையேறி, ஈரானின் கிழக்கு எல்லையைத் தொட்டு, அந்தத் தேசத்தைக் குறுக்கே கடந்து, சரி பாதி வழியில் காகஸஸ் மலைகளுக்கு வந்துவிடுகிறது. அப்பால் கருங்கடல், உக்ரேன், அதன் பிறகுதான் மேற்கு ஐரோப்பா. பார்ப்பதற்குக் கோணல் வழி. ஆனால் உருண்டையின் மேல் அதுவே நேர் வழி. நூலை அளந்து கணக்குப் போட்டால் ஏறக்குறைய 7,200 கிலோமீட்டர். சுவர்ப்படத்தின் "நேர்" கோடு அதைவிடச் சுமார் 200 கிலோமீட்டர் அதிகம். உருண்டையான பூமியைத் தட்டையான காகிதத்தில் ஒட்ட வைத்ததற்கு நாம் கொடுக்கும் அபராதம் இது.

இந்த 7,200 கிலோமீட்டர் என்றைக்கும் மாறாதது. ஆனால் நம் முன்னோருக்கு லண்டன் இருந்த தூரம் வேறு. நமக்கு இருக்கும் தூரம் வேறு.

1869-ஆம் வருஷம் நவம்பர் 17-ந் தேதி ஸூயஸ் கால்வாய் திறக்கப்படுவதற்கு முன்னால், நம் தேசத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் போக வேண்டுமானால் ஆப்பிரிக்காக் கண்டத்தையே பிரதக்ஷிணம் செய்தாக வேண்டும். கால்வாய் வந்த பிறகு மாதக்கணக்கு வாரக்கணக்காயிற்று. 1931-ஆம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி மகாத்மா காந்தி வட்ட மேஜை மகாநாட்டுக்காகப் பம்பாயில் "ராஜ்புதானா" என்ற கப்பலில் ஏறினார். (1995-க்குப் பிறகு அந்த நகரத்துக்கு மும்பை என்று பெயர். பழைய கதை பேசும்போது மட்டும் பம்பாய் என்றே என் பேனா எழுதுகிறது.) செப்டம்பர் 11-ல் மார்ஸேல்ஸ் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் பிரான்ஸைக் கடந்து 12-ந் தேதி லண்டன் சேர்ந்தார். ஆக இரண்டு வாரம். அப்போதே ஆகாய மார்க்கம் இருந்தது என்பது பலருக்கு ஞாபகம் இராது.

1929-ஆம் வருஷம் மார்ச் 30-ந் தேதி "இம்பீரியல் ஏர்வேஸ்" என்ற பிரிட்டிஷ் கம்பெனி லண்டனுக்கு அடுத்த கிராய்டனிலிருந்து கராச்சிக்கு விமான சர்வீஸ் ஆரம்பித்தது. பிரயாணம் ஏழு நாள்! அதை ஆகாயப் பிரயாணம் என்பதைவிட எல்லா வாகனங்களிலும் செய்த யாத்திரை என்பதே பொருந்தும். கிராய்டனிலிருந்து ஸ்விட்ஸர்லாந்தில் பாஸல் நகரம் வரையில் விமானம். அங்கிருந்து ஜெனோவா வரையில் ரயில். ஜெனோவாவில் கடலிலிருந்தே எழும்பிக் கடலிலேயே இறங்கும் பறக்கும் படகில் ஏறி அலெக்ஸாந்திரியா. பிறகு மறுபடி தரை விமானம். ராத்திரியில் பறப்பதில்லை; பொழுது சாய்ந்தால் இறங்கிப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். இராக்குக்குப் போகும் பாலைவனத்தில் அடையாளம் சொல்ல மரமோ ஊரோ கிடையாது. ஆகையால் சில வருஷங்களுக்கு முன்பே பிரிட்டிஷ் விமானப் படையினர் மணலில் மைல் கணக்காக ஏர் ஓட்டினாற்போல் ஒரு சால் கீறி வைத்திருந்தார்கள். விமானி கீழே அந்தச் சாலைப் பார்த்துக்கொண்டே பாக்தாத் போய்ச் சேர வேண்டும்.

கராச்சிக்கு இப்பால் என்ன? தபால் ரயிலேறியது. இந்தக் குறையைத் தீர்த்தவர் ஜே. ஆர். டி. டாட்டா. 1929-ஆம் வருஷம் பிப்ரவரி 10-ல் நம் நாட்டில் முதல் விமானி லைசென்ஸ் பெற்றவர் அவர். அந்த வருஷமே, இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் இந்தியருக்கு ஆகாகான் ஒரு பரிசு அறிவித்தார். அடுத்த வருஷம் டாட்டா கராச்சியிலிருந்து மேற்கே பறந்தார். ஆஸ்பி எஞ்சினீயர் என்ற பதினேழு வயதுப் பையன் எதிர்த் திசையில் வந்துகொண்டிருந்தான். எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் இருவரும் சந்தித்தபோது, பையனின் விமானத்துக்கு "ஸ்பார்க் பிளக்" இல்லாமல் அவன் திகைத்து நின்றான். டாட்டா தம்மிடம் உபரியாக இருந்ததைக் கொடுத்தார். பரிசு பையனுக்குப் போயிற்று! பிற்காலத்தில் நம் விமானப் படைக்கே தலைவரானார் அந்த ஆஸ்பி. என் மாணவர்களுக்கு நான் வருஷந்தோறும் சலிக்காமல் சொல்லும் கதை இது.

1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி டாட்டா ஒற்றை இயந்திர விமானம் ஒன்றில் கராச்சியிலிருந்து தபால் மூட்டையுடன் கிளம்பினார். ஸர்க்கார் மானியம் கிடையாது. அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. அங்கிருந்து பம்பாய் ஜூஹு மைதானம் வரை அவரே ஓட்டினார். அப்பால் நெவில் வின்ஸென்ட் என்பவர் பெல்லாரி வழியாக ஓட்டி, மறுநாள் சென்னை சேர்த்தார். ஆக, லண்டனில் போட்ட கடிதம் கராச்சியில் ரயிலுக்குக் காத்திராமல் நம் சென்னைக்குப் பறந்து வர வழி பிறந்தது.

சுதந்திரம் வந்து பத்து மாதம்கூட ஆகாத நிலையில், 1948-ஆம் வருஷம் ஜூன் 8-ந் தேதி, "மலபார் பிரின்ஸஸ்" என்று பெயர் சூட்டிய கான்ஸ்டலேஷன் விமானம் முப்பத்தைந்து பிரயாணிகளுடன் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. கெய்ரோவிலும் ஜினீவாவிலும் இறங்கி ஏறி, ஏறக்குறைய ஒரு நாள் பிரயாணம். நம் தேசத்துக் கம்பெனியின் விமானம் லண்டனுக்கு நடத்திய முதல் சர்வீஸ் அதுவே. ஆளப்பட்டவர்களாக அந்த ஊருக்குக் கப்பலேறிய நம்மவர், சொந்த விமானத்தில் போய் இறங்கியதில் எத்தனை பெருமை அடைந்திருப்பார்கள்! 1960-ல் ஜெட் விமானம் வந்ததும் அந்த நேரமும் பெரிதும் சுருங்கிவிட்டது.

அந்த மலபார் பிரின்ஸஸ் என்னவாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1950-ஆம் வருஷம் நவம்பர் 3-ந் தேதி ஜினீவாவை நெருங்கும்போது மேகத்தில் வழி தவறி மோன்பிளாங்க் சிகரத்தில் மோதியது. நாற்பத்தெட்டுப் பேரும் மாண்டார்கள். பதினைந்து வருஷங்கள் சென்று, 1966 ஜனவரி 24-ல், "காஞ்சன்ஜங்கா" என்ற போயிங் விமானமும் அதே மலையில் மோதி நொறுங்கியது. மலையைத் தாண்டிவிட்டதாக நினைத்து விமானி கீழே இறங்க ஆரம்பித்திருந்தார். மாண்ட 117 பேரில் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் ஒருவர். 2020-ல் அந்த மலையின் பனி உருகியபோது, இந்திரா காந்தி பிரதம மந்திரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியைத் தாங்கிய பத்திரிகைகள் ஈரத்தோடு வெளிவந்தன. லண்டனுக்குப் போய்ச் சேர ஐம்பத்து நாலு வருஷம் ஆகியும் அவை பாதி வழியில்தான் இருந்தன.

மலையும் மேகமும் இயற்கை. மனிதர் எழுப்பும் மலைகள் வேறு சில உண்டு. 1929-ல் அந்த ஏழு நாள் பிரயாணம் பாரசீகக் கரையோரமாகவே வந்தது. 1932-ல் பாரசீக ஸர்க்கார் இனி எங்கள் கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உடனே மார்க்கத்தை எதிர்க்கரைக்கு, பஹ்ரைன், ஷார்ஜா பக்கம் மாற்ற வேண்டியதாயிற்று. ஷார்ஜாவில் பிரயாணிகள் இரவு தங்குவதற்கென்றே கோட்டை போல ஒரு விடுதி கட்டினார்கள். ஒவ்வொரு தேசத்துக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள ஆகாயத்திலும் முழு உரிமை உண்டு என்பதை 1944-ல் சிக்காகோ நகரில் கூடிய தேசங்கள் உடன்படிக்கையாகவே எழுதிக்கொண்டன. ஆகவே மேலே பறப்பதற்கும் அநுமதி வேண்டும். சுங்கச் சாவடி போலக் கட்டணமும் உண்டு. கதவைச் சாத்தும் வித்தையில் நாமும் இளைத்தவர்கள் அல்ல. 1971-ஆம் வருஷம் பிப்ரவரியில், நம் விமானம் ஒன்றைக் கடத்திக்கொண்டுபோய் லாகூரில் எரித்த பிறகு, பாகிஸ்தான் விமானங்கள் நம் ஆகாயத்தில் பறக்கக் கூடாதென்று தடுத்தோம். மேற்குப் பாகிஸ்தானிலிருந்து டாக்காவுக்குப் போகிறவர்கள் கொழும்பு வழியாகத் தீபகற்பத்தையே சுற்றிக்கொண்டு போனார்கள்.

நூலின் வழியைத் திரும்பவும் பாருங்கள். 2022 பிப்ரவரி 24-ல் யுத்தம் மூண்டதும் உக்ரேன் ஆகாயம் மூடிற்று. 2019-ல் பாகிஸ்தான் தன் ஆகாயத்தைப் பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை 16 வரை பெரும்பாலும் மூடி வைத்தது. பஹல்காம் படுகொலைக்குப் பின், 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமானங்களுக்கு மறுபடி கதவடைத்தது. ஏப்ரல் 30-ல் நாமும் அடைத்தோம். அவ்வாண்டு ஜூன் 13-ந் தேதி விடியற்காலை இஸ்ரேல் ஈரானைத் தாக்க, ஈரானின் ஆகாயமும் மூடிற்று. பையன்கள் இழுத்துப் பிடித்த நூலில் மும்பைக்கும் காகஸஸுக்கும் நடுவே அன்று மிஞ்சியது சொற்பம். டாட்டா தபால் எடுத்துக்கொண்டு புறப்பட்ட கராச்சியின் மேலே, அவருடைய தேசத்து விமானம் பறக்க முடியாது.

அந்த ஜூன் 13-ந் தேதியை நான் மறக்க முடியாது. பையனுக்குப் பதில் சொல்லத் தயங்கியதன் காரணமும் அதுதான்.

என் தமையனார் இருபது வருஷங்களுக்கு மேலாக லண்டனில் இருக்கிறார். கும்பகோணத்தில் எங்கள் தாயார் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். வியாழக்கிழமை காலையில் டாக்டர், "வர வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்" என்றார். அன்றைக்கே அண்ணா டிக்கெட் வாங்கினார். அதே தினம் பிற்பகல் அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய விமானம் கிளம்பிய மறு நிமிஷமே விழுந்து, அதிலிருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார் என்ற செய்தி வந்தது. மன்னி போக வேண்டாம் என்று அழுதாளாம். அண்ணா கிளம்பிவிட்டார். லண்டனில் வியாழன் இரவு எட்டு மணி. இங்கே வெள்ளி பிறந்து அரை மணி. ஒன்பதரைக்கு மும்பை, மத்தியானத்துக்கு மேல் சென்னை, அங்கிருந்து 300 கிலோமீட்டர் காரில் வந்தால் இரவு வீடு என்று காகிதத்தில் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டேன்.

காலை எட்டு மணிக்கு அண்ணாவிடமிருந்து செய்தி வந்தது. வழி மூடிவிட்டதாம்; விமானத்தைத் திருப்பி, ஐரோப்பாவின் நடுவே ஏதோ ஒரு நகரத்தில் இறக்கிவிட்டார்களாம். எப்போது கிளம்பும் என்று சொல்லுவாரில்லை.

அம்மா கண்ணைத் திறந்து, "பெரியவன் எங்கே வந்துகொண்டிருக்கிறான்?" என்று கேட்டாள்.

இருபது வருஷமாகப் பூகோளம் சொல்லிக் கொடுப்பவன் நான். "கராச்சி தாண்டிவிட்டான், அம்மா" என்றேன்.

"கராச்சி கிட்டத்தானே?" என்றாள்.

"கிட்டத்தான்."

அன்று இரவு பதினொரு மணிக்கு அவள் போய்விட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் வரையில் பார்த்தோம். பெரியவர்கள் அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லவே, மூத்த பிள்ளை செய்ய வேண்டியதை நான் செய்தேன். தெற்கே சுற்றி வேறொரு விமானத்தில் வந்த அண்ணா, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு வாசலில் வந்து இறங்கினார். லண்டனை விட்டு அறுபத்து மூன்று மணி நேரம். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல், "அம்மா என்னைக் கேட்டாளா?" என்றார்.

கேட்டாள் என்று சொன்னேன். நான் அவளுக்குச் சொன்ன பதிலை இன்று வரையில் அவரிடம் சொல்லவில்லை.

வகுப்பில் அந்தப் பையன் இன்னும் நின்றுகொண்டே இருந்தான். கரும்பலகையில் 7,200 கிலோமீட்டர் என்று எழுதினேன். அவன் அதைப் பத்தால் வகுத்து, ஒன்பதால் வகுத்து, மணிக்கு 720, மணிக்கு 800 என்று நோட்டில் குறித்துக்கொண்டு உட்கார்ந்தான்.